தட்டிப் பழகிய கை எழுதப் பழக

கைபேசியிலும் கணினியிலும் தட்டியே பழகிய கைக்கு மளிகைச் சீட்டு எழுதுவது வேறு, பத்துப் பக்கம் தொடர்ந்து கையால் எழுதுவது வேறு. சீட்டில் ‘து.ப. ½, ப.மி. ¼’ என்று இருந்தால் போதும். துவரம்பருப்பு அரைக் கிலோ, பச்சை மிளகாய் கால் கிலோ என்பது எழுதியவருக்குத் தெரியும். கடைக்குப் போய் வந்ததும் சீட்டு குப்பைக்குப் போய்விடும். கடிதம், நாட்குறிப்பு, கட்டுரையின் முதல் படி, பெரியவர்கள் சொல்லக் கேட்டு எழுதும் குடும்ப வரலாறு, தேர்வு விடைத்தாள், உயில் ஆகியவை அப்படிப்பட்டவை அல்ல. ‘அது ன இல்லை, ண’ என்று எழுதியவர் அருகில் நின்று சொல்ல முடியாத இடத்தில் இவை வாசிக்கப்படும். பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்த்தால் எழுதியவரே தன் பக்கத்துக்கு வேற்றாளாகிவிடுவார். விளக்கம் சொல்ல ஆளில்லாமல் பக்கம் தானாகவே புரிய வேண்டும். பேனா, தாள், எழுத்தின் வடிவம், அடித்தல் திருத்தல் என்று கீழே வரும் எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றே அளவுகோல்.

கையால் எழுதினால் நினைவாற்றல் பெருகும் என்ற பேச்சை நம்பி மட்டும் இதில் இறங்க வேண்டாம். மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் பேச்சைச் சொல்லுக்குச் சொல் இறக்கினார்கள், கையால் எடுத்தவர்கள் தம் சொல்லில் சுருக்கி எழுதினார்கள், பிறகு நடந்த தேர்வில் கையால் எழுதியவர்கள் மேலாகச் செய்தார்கள் என்று 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு பரவலாக எடுத்துக்காட்டப்படுகிறது. அதே சோதனையைப் பின்னர் திரும்பச் செய்தவர்களுக்கு அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. கையெழுத்தின் உறுதியான பயன் இன்னும் எளிமையானது. வெட்டி ஒட்ட வழியில்லாததால் வாக்கியத்தை மனதில் முடித்த பிறகுதான் பேனாவை இறக்குவீர்கள். அடித்த வரியும் பக்கத்திலேயே இருக்கும், வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பேனாவும் தாளும்

தமிழ் எழுத்து சுழிகளால் ஆனது. பேனாவைத் தேர்வு செய்யும்போது இதை மறந்துவிட்டால் மற்றதெல்லாம் வீண். ண-வின் மூன்று சுழியும் இரட்டைக்கொம்பின் இரண்டு சுழியும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்க வேண்டும். முனை தடித்தால் சுழியின் உள்கண் மையால் அடைந்துபோகும். அடைந்த சுழியை வாசிக்கிறவர் எண்ண முடியாது.

பால்பாயிண்ட் என்றால் 0.7 மி.மீ. முனை, ஜெல் பேனா என்றால் 0.5 மி.மீ. முனை பெரும்பாலான கைகளுக்குச் சரிவரும். 0.3 மி.மீ. முனை மெல்லிய தாளைக் கீறும், சுழி திரும்பும் இடத்தில் சிக்கும். மைப்பேனா விரும்புகிறவர்கள் மெல்லிய நிப் வாங்குங்கள். நடுத்தர நிப் ஆங்கிலத்துக்கு அழகாக இருக்கும், தமிழில் சிறிய எழுத்தை அடைத்துவிடும். பால்பாயிண்டின் மை எண்ணெய்ப்பசை கொண்டது. உருளை சுழன்றால்தான் மை இறங்கும் என்பதால் கொஞ்சம் அழுத்தம் தேவைப்படும். இருபது பக்கம் எழுதும் நாளில் இந்த அழுத்தம்தான் கட்டைவிரலைப் பிடிக்கும். ஜெல்லுக்கும் மைப்பேனாவுக்கும் அழுத்தம் தேவையில்லை. ஆனால் மை காயச் சில நொடிகள் ஆகும், ரீஃபிலும் சீக்கிரம் தீரும். எந்தப் பேனாவாக இருந்தாலும் அதே வகையில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வேறு பேனா மாற்றினால் கையெழுத்தின் அளவே மாறிவிடும்.

தாள் 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருந்தால் எந்த மையும் தாங்கும். அதற்குக் கீழே போனால் மைப்பேனாவின் மை ஓரம் பிசிறிப் பரவும், மறுபக்கம் ஊறும். மழைக்காலத்தில் தாள் ஈரம் இழுத்திருக்கும்போது இது இன்னும் மோசமாகும். கோடு போட்ட தாளில் இரண்டு கோட்டுக்கு நடுவே 8 மி.மீ. இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தமிழில் மேலே புள்ளியும் மேல்விலங்கும் (ி, ீ) உண்டு, கீழே கு, கூ, ழு, ஞு என்று இறங்கும் விலங்குகளும் உண்டு. 7 மி.மீ.க்குக் குறைந்தால் மேல்வரியின் கீழ்விலங்கு கீழ்வரியின் புள்ளியோடு மோதும். எழுத்தின் உடலைக் கோட்டின் பாதி உயரத்துக்குள், சுமார் 4 மி.மீ.க்குள் அடக்கினால் மேலும் கீழும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

இன்னும் இரண்டு சிறிய பொருள் வேண்டும். ஒன்று, எழுதும் கையின் உள்ளங்கைக்கு அடியில் வைக்க ஒரு துண்டுத் தாள். நம் ஊர் வெயிலில் கை வியர்த்துத் தாளில் எண்ணெய்ப்பசை ஏறினால் அந்த இடத்தில் பேனா வழுக்கும், ஜெல் மை ஒட்டாமல் விட்டுவிட்டுப் போகும். மற்றொன்று, மின்விசிறிக்குத் தாள் பறக்காமல் ஒரு கனமான பொருள். இடக்கையால் தாளை அழுத்திப் பிடித்தே எழுதுகிறவர்கள் தோளில் சீக்கிரம் வலி வாங்கிக்கொள்கிறார்கள்.

உட்காரும் முறை

மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். முன்கை முழுவதும் மேசைமேல் படிய வேண்டும். வலக்கையால் எழுதுகிறவர்கள் தாளின் மேல்பக்கத்தை இடப்புறமாக 20 முதல் 30 பாகை சாய்த்து வையுங்கள், இடக்கையர் வலப்புறமாகச் சாய்க்கட்டும். இடக்கையர் எழுதிய இடத்தின் மேலேயே கை நகர்வதால் சீக்கிரம் காயும் பால்பாயிண்டே அவர்களுக்கு நல்லது.

பேனாவை முனையிலிருந்து சுமார் 3 செ.மீ. மேலே, கட்டைவிரல், ஆள்காட்டிவிரல் இரண்டாலும் பிடித்து நடுவிரல்மேல் சாயவிடுங்கள். எழுதும்போது இன்னொருவர் மேலிருந்து இழுத்தால் பேனா சுலபமாக உருவ வேண்டும், பிடிப்பு அவ்வளவு தளர்வாக இருந்தால் போதும். விரல்நுனி வெளுத்துப்போனால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், எழுத்து மேடாகத் தட்டுப்பட்டால் அழுத்தம் அதிகம். 25 நிமிடத்துக்கு ஒருமுறை பேனாவை வைத்துவிட்டுக் கையை உதறி, விரல்களை விரித்து மடக்குங்கள். புதிதாகத் தொடங்கும்போது தசை வலி வருவது இயல்பு, இரண்டு வாரத்தில் தணியும். விரல் மரத்துப்போவது, எழுதத் தொடங்கியதும் விரல்கள் தாமாக இறுகி மடங்குவது இவை தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சியைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

கொம்பு முதலில், மெய் பிறகு

ஒலிப்பு முறை, தமிழ் 99 என்னும் விசைப்பலகை முறைகளில் தட்டிப் பழகியவர்கள் முதல் நாளே தடுமாறும் இடம் இது. தட்டும்போது ‘கொ’ என்பதற்குக் க முதலில், ஒ அடுத்து. திரை தானே கொம்பை முன்னால் கொண்டுபோய் வைத்துக்கொள்ளும். தாளில் அப்படி நடக்காது. ஒற்றைக்கொம்பு, க, துணைக்கால் என்ற வரிசையில் நாம்தான் எழுத வேண்டும். பழைய தட்டச்சு இயந்திரத்தில் பழகியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதில் கொம்பை முதலில் அடித்துவிட்டுத்தான் மெய்யை அடிக்க வேண்டும். மற்றவர்கள் க எழுதிய பிறகு கொம்பு நினைவுக்கு வந்து, முந்தைய எழுத்துக்கும் இதற்கும் இடையில் நெருக்கித் திணிப்பார்கள். நெருக்கப்பட்ட கொம்பு சுழியை இழந்து வெறும் கோடாகிவிடும்.

இதற்கு மருந்து, எ, ஏ, ஐ, ஒ, ஓ வரிசைச் சொற்களை மட்டும் தொகுத்து எழுதிப் பார்ப்பது. கெடு – கேடு, தொடு – தோடு, கொடு – கோடு, பெறு – பேறு, மெய் – மை. ஒவ்வொரு சொல்லையும் வாயால் மெல்லச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். ஒலி மனதில் வந்ததும் கை கொம்பைத் தேடும் பழக்கம் நான்கைந்து நாளில் திரும்பிவிடும்.

ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு மேலே உள்ள ஒரு சுழிதான். சுவடிக் காலத்தில் இந்த வேறுபாடே கிடையாது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே கொம்பால் எழுதப்பட்டன, இடம் பார்த்து வாசிக்க வேண்டியிருந்தது. ஓலை கிழியும் என்பதால் மெய்க்குப் புள்ளியும் பெரும்பாலும் வைப்பதில்லை. அந்தச் சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பட்ட பாட்டை நினைத்தால், ஒரு சுழியும் ஒரு புள்ளியும் வைக்க நாம் எடுத்துக்கொள்ளும் நேரம் பெரிதாகத் தெரியாது.

வேகமாக எழுதும்போது குலையும் எழுத்துகள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ன, ண: ன-வுக்கு இரண்டு சுழி, ண-வுக்கு மூன்று. அவசரத்தில் மூன்றாவது சுழி விழுந்து மணம் மனமாகும், பணி பனியாகும்.

ர, துணைக்கால்: ர-வின் அடியில் இடப்புறம் சாய்ந்து இறங்கும் சிறு கோடுதான் இரண்டையும் பிரிக்கிறது. ர், ரி எழுதும்போதும் அந்தக் கோட்டை விடாதீர்கள்.

எ, ஏ மற்றும் ஒ, ஓ: ஏ-வின் கீழ்ச்சாய்வும் ஓ-வின் கீழ்ச்சுழியும் கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்கட்டும்.

ி, ீ: மேல்விலங்கின் முடிவில் சுழி உண்டா இல்லையா என்பதில்தான் விடு, வீடு வேறுபடுகின்றன. ி எழுதும்போது பேனாவைச் சுருட்டி முடிக்கும் பழக்கம் பலருக்கு உண்டு, அது எல்லாக் குறிலையும் நெடிலாக்கிவிடும்.

மு, ழ: இரண்டும் ம போலத் தொடங்கிக் கீழே இறங்குகின்றன. ழ-வின் வால் கீழே வளைந்து தெளிவாக முடியாவிட்டால் ‘எழுத்து’ என்பதே குழம்பும்.

க, ச, த: க-வின் நடுக்கோடு குறுக்காக வெட்டிச் செல்ல வேண்டும், த-வின் வால் வரிக்குக் கீழே இறங்க வேண்டும். இரண்டும் மழுங்கினால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

புள்ளியை எப்போது வைப்பது என்பதில் இரண்டு வழக்கம் உண்டு. எழுத்துக்கு எழுத்து வைத்துக்கொண்டே போகிறவர்கள் ஒரு வகை, சொல் முடிந்ததும் திரும்பி வைக்கிறவர்கள் இன்னொரு வகை. இரண்டில் எதுவானாலும் சரி, அடுத்த சொல்லைத் தொடங்குமுன் வைத்துவிட வேண்டும். வரி முடிந்த பிறகு மொத்தமாகப் புள்ளி வைக்கப் போனால் நிச்சயம் இரண்டு மூன்று விடுபடும். பல் பல-வாகும், சில் சில-வாகும். வாசிக்கிறவர் வாக்கியத்தின் பாதியில் தடுக்கி நின்று திரும்பப் போவார்.

எழுத்துகளை ஆங்கிலக் கூட்டெழுத்துப் போல இணைக்க முயலாதீர்கள். தமிழில் ஒவ்வொரு எழுத்தும் தனியாக நிற்கும். பெரும்பாலான எழுத்துகளைப் பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடிக்கலாம், வேகம் அங்கேதான் கிடைக்கும். ஒரு எழுத்தை இரண்டு மூன்று துண்டாக எழுதும் பழக்கம் இருந்தால் அதை மாற்றினாலே வேகம் கூடும்.

பழைய கடிதங்களைப் பார்த்து எழுதிப் பழகுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. 1978-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணா, றா, னா வரிசையும் ணை, லை, ளை, னை ஆகியவையும் வேறு வடிவில் இருந்தன, மொத்தம் 13 எழுத்துகள். தாத்தா கடிதத்தில் லை-யின் தலையில் யானைத் துதிக்கை போல ஒரு வளைவு இருந்தால் அது பிழை அல்ல. வாசிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். எழுதும்போது இன்றைய வடிவத்தையே எழுதுங்கள், ஒரே பக்கத்தில் இரண்டும் கலக்க வேண்டாம்.

முதல் பதினைந்து நாள்

1. முதல் நாள், ஏதாவது ஒரு உரைநடைப் பகுதியைப் பார்த்து 10 நிமிடம் எழுதுங்கள். எழுதிய சொற்களை எண்ணிப் பத்தால் வகுத்து, தேதியோடு குறித்து வையுங்கள். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

2. இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை தினம் 20 நிமிடம். முதல் ஐந்து நிமிடம் எழுத்துக் குடும்பங்கள்: நேர்கோட்டு எழுத்துகள் (ட, ப, ம, ய), பிறகு சுழியில் தொடங்குபவை (வ, ல, ள, ன, ண), பிறகு வால் உள்ளவை (த, ந, ற, ழ, ஞ). மீதி நேரம் மேலே சொன்ன குறில் நெடில் இணைகள். வேகம் பார்க்கக் கூடாது.

3. ஆறாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை தினம் ஒரு பக்கம் பார்த்து எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூலத்தைப் பார்க்காமல், ஒரு முழு வாக்கியத்தை வாசித்து மனதில் வாங்கி எழுதுங்கள். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டால் உங்கள் கை எதை விடுகிறது, எதை மாற்றுகிறது என்பது தெரியும்.

4. பதினொன்றாம் நாள் முதல் சொந்த வாக்கியம். தினம் ஒன்றரைப் பக்கம். இப்போதுதான் வாக்கியத்தை முடித்துவிட்டு எழுதும் பழக்கம் வரும்.

5. பதினைந்தாம் நாள், முதல் நாள் எழுதிய அதே பகுதியை 10 நிமிடம் எழுதி இரண்டையும் வேறொருவரிடம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கும் இடங்களில் கோடிடுங்கள். சொல் எண்ணிக்கை கூடி, கோடுகளும் கூடியிருந்தால் வேகம் இன்னும் வேண்டாம்.

வேகத்துக்காகத் தனிப் பயிற்சி தேவையில்லை. வடிவம் ஒரே மாதிரி வரத் தொடங்கினால் கை யோசிப்பதை நிறுத்திவிடும், வேகம் பின்னாலேயே வரும்.

சுருக்காமல் எழுதுவது

சுருக்கி எழுதுவது கைபேசியோடு வந்த பழக்கம் இல்லை. தமிழுக்கே சொந்தச் சுருக்கக் குறிகள் இருந்தன. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, ஆண்டுக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் 320-இல் ஒன்று, இவற்றுக்கும் தனித்தனிக் குறி உண்டு. பழைய பத்திரங்களிலும் கணக்குப் புத்தகங்களிலும் இவை நிறைந்திருக்கும். எழுதிய கணக்குப்பிள்ளைக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இன்று வீட்டுப் பரணிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுக்கிற பேரப்பிள்ளைக்கு ௸ என்பது ஏதோ கிறுக்கல். இன்று நாம் போடும் ‘மு.அ.’, ‘த.த.’ போன்ற சுருக்கங்களும் இருபது வருடத்தில் அந்த நிலைக்கு வந்துவிடும்.

பெயரில் தொடங்குங்கள். தமிழ்த் தலைப்பெழுத்து மிகவும் ஏமாற்றும். ‘ஆர். சுப்பிரமணியன்’ என்ற பெயரில் அந்த ஆர் என்பது ராமசாமியா, ரங்கநாதனா, ராஜகோபாலா? ஒருவரை முதல்முறை குறிப்பிடும்போது தந்தை பெயரோ, ஊரோ, உறவோ சேர்த்து முழுதாக எழுதுங்கள். குடும்ப வரலாற்றில் ‘பெரியப்பா’ என்று மட்டும் எழுதினால் அடுத்த தலைமுறைக்கு அவர் யாருடைய பெரியப்பா என்று தெரியாது. ‘பெரியப்பா (அப்பாவின் மூத்த அண்ணன் சுப்பிரமணியன்)’ என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு பெரியப்பா என்றே போகலாம்.

தேதியில் மாதத்தைப் பெயரால் எழுதுங்கள். 5.6.24 என்பது இங்கே ஜூன் ஐந்து, அமெரிக்காவில் வளர்ந்த உறவுக்காரப் பிள்ளைக்கு மே ஆறு. அந்த 24-ஐ 1924 என்றும் ஒருநாள் யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். ‘5 ஜூன் 2024’ என்றால் குழப்பமே இல்லை. தமிழ் மாதம் எழுதினால் பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் போடுங்கள். பிரபவ முதல் அட்சய வரையான ஆண்டுப் பெயர்கள் 60 வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வருபவை.

தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள்: ரூ.1,50,000 (ரூபாய் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் மட்டும்). பத்திரம் எழுதுகிறவர்களின் இந்த வழக்கத்துக்குச் சட்டத்திலும் இடம் உண்டு. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ஆவது பிரிவுப்படி, காசோலையிலோ புரோநோட்டிலோ எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகைதான் செல்லும். எண்ணில் ஒரு பூஜ்ஜியத்தைக் கூட்டுவது சுலபம், ‘ஐயாயிரம்’ என்பதை ‘ஐம்பதாயிரம்’ ஆக்க இடம் கிடைக்காது.

எழுத்துப்பிழைக்கு வருவோம். கைபேசி பரிந்துரைத்த சொல்லைத் தொட்டுத் தொட்டே பழகியவர்களுக்கு அரை – அறை, எரி – எறி, வாலை – வாளை – வாழை போன்ற இடங்களில் கை நின்றுவிடும். அங்கே எழுதுவதை நிறுத்தி அகராதி தேடப் போகாதீர்கள், ஓட்டம் போய்விடும். ஐயமுள்ள சொல்லின் கீழ் புள்ளிக்கோடு இட்டுவிட்டு மேலே போங்கள். அன்றைய எழுத்து முடிந்ததும் புள்ளிக்கோட்டுச் சொற்களை மட்டும் அகராதியில் பார்த்துத் திருத்தி, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் சேருங்கள். ஒரே சொல் மூன்றாவது முறை பட்டியலில் ஏறினால் அதை ஐந்து வாக்கியத்தில் வைத்து எழுதிவிடுங்கள்.

வரி முடிவில் சொல்லை உடைக்க நேர்ந்தால் தமிழில் இணைப்புக்கோடு தேவையில்லை. ஆனால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக் கூடாது. அம்மா என்பதை ‘அ’ என்றும் ‘ம்மா’ என்றும் பிரிக்கக் கூடாது, ‘அம்’ என்றும் ‘மா’ என்றும் பிரிக்கலாம். கொம்பை இந்த வரியிலும் அதன் மெய்யை அடுத்த வரியிலும் விடவே கூடாது.

நீளமாக எழுதும்போது பக்கம்

முதல் படி எழுதுவதற்கு மூன்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்கள். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுங்கள். இடப்புறம் 4 செ.மீ. ஓரம் விடுங்கள். தாள் வீணாகிறதே என்று தோன்றும். விட்ட வரியில்தான் திருத்தம் ஏறும், ஓரத்தில்தான் பின்னால் நினைவுக்கு வந்தது ஏறும், வெற்றுப் பின்பக்கத்தில் ஒரு முழுப் பத்தியே ஏறும். இட நெருக்கடியால் திருத்தாமல் விட்ட படியைவிட இரண்டு மடங்கு தாள் செலவான படி மேல்.

ஒவ்வொரு தாளின் வலது மேல் மூலையில் எழுதும்போதே எண் போடுங்கள், தலைப்பின் முதல் சொல்லையும் சேருங்கள். கடைசியில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்ட கட்டு ஒருமுறை கீழே விழுந்தால் போதும். நடுவில் தாள் சேர்க்க நேர்ந்தால் 7-க்கும் 8-க்கும் இடையில் 7அ, 7ஆ என்று போடுங்கள்.

பிழையானதை ஒரே கோட்டால் அடியுங்கள். கறுப்பாகத் தேய்த்துப் பூசினால் பக்கம் அசிங்கமாவது ஒருபுறம், அடியில் இருந்த சொல்லே திரும்ப வேண்டும் என்று தோன்றினால் வழியில்லை. அடித்தது சரியென்று பிறகு தெரிந்தால் அதன் கீழே புள்ளிகள் வைத்து ‘இருக்கட்டும்’ என்று ஓரத்தில் எழுதுங்கள். விடுபட்ட சொல்லுக்குக் கூரைபோல் ஒரு குறியிட்டு மேல்வரியில் எழுதுங்கள். வெள்ளை மை வேண்டாம், அது காய்ந்து உதிரும், அடுத்த தாளில் ஒட்டும்.

உயில் போன்ற ஆவணத்தில் இந்தச் சுதந்திரம் கிடையாது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன் கீழ் வரும் உயிலை வெற்றுத் தாளில் கையால் எழுதலாம், முத்திரைத்தாள் வேண்டியதில்லை, ஆனால் இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். கையெழுத்தான பிறகு செய்த திருத்தம் செல்ல வேண்டுமானால் அந்த இடத்தின் அருகே எழுதியவரும் சாட்சிகளும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். ஒரு திருத்தம் வந்தாலே முழுவதையும் புதிதாக எழுதுவதுதான் நல்லது.

பேச்சைக் கேட்டு எழுதும்போது

சாதாரணப் பேச்சு நிமிடத்துக்கு நூறு சொல்லுக்கு மேல் ஓடும், தெளிவான கையெழுத்து இருபதை ஒட்டித்தான் நிற்கும். சுருக்கெழுத்து பிறந்ததே இந்த இடைவெளியை நிரப்பத்தான். அதைக் கற்காமல் பேச்சை முழுதாகப் பிடிக்க முயன்றால் பாதிப் பாதி வாக்கியங்கள் மட்டுமே மிஞ்சும். வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதுவதானால் ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்ததும் ‘அப்படியென்றால் நீங்கள் சொன்னது...’ என்று வாசித்துக் காட்டி எழுதுங்கள். அவர் திருத்தும்போது புதிய செய்தி கிடைக்கும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், பழமொழி, அவர் பயன்படுத்திய வழக்குச் சொல் இவற்றை மட்டும் சொன்னபடியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். மற்றதை உங்கள் வாக்கியத்தில் எழுதலாம். விட்டுப்போன இடத்தில் இரண்டு வரி காலியாக விட்டு அன்று இரவுக்குள் நிரப்புங்கள், மறுநாள் காலையில் அந்த இடம் எதற்காக என்பதே மறந்துபோயிருக்கும்.

தேர்வுக்காகப் பழகுகிறவர்களுக்கு

குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம், வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். பொது அறிவின் முதல் மூன்று தாள்கள் ஒவ்வொன்றும் 250 மதிப்பெண், மூன்று மணி நேரம், 20 கேள்விகள். பத்துக் கேள்விக்குத் தலா 150 சொல், பத்துக்குத் தலா 250 சொல், ஆக 4,000 சொல். 180 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 22 சொல், யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து. சிறிய கேள்விக்கு 7 நிமிடம், பெரியதற்கு 11 நிமிடம் என்று பிரித்தால் மூன்று மணி நேரம் சரியாகத் தீர்ந்துவிடும், திரும்பிப் பார்க்க ஒரு நிமிடம்கூட மிஞ்சாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டி வருவதால் அதே செய்தியைக் குறைந்த சொற்களில் முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் நான்கு சொல் கேட்கும் இடத்தைத் தமிழ் ‘வீட்டிலிருந்தும்கூட’ என்று ஒரே சொல்லில் கடக்கும். எனவே சொல் எண்ணிக்கையை எட்ட வேண்டும் என்று நீட்டாதீர்கள். தினம் இரண்டு விடையைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகி, வாரம் ஒருநாள் மூன்று மணி நேரமும் இடைவிடாமல் எழுதுங்கள். கடைசி அரை மணியில் புள்ளி விடுபடுவதும் ண, ன ஆவதும் முழு நீளப் பயிற்சியில்தான் வெளிப்படும். திருத்துகிறவர் கண்ணில் படப்போவது அந்தப் பக்கங்களும்தான்.

கணினிக்கு ஏற்றுவதும் காப்பதும்

தமிழ்க் கையெழுத்தைப் படமெடுத்து எழுத்தாக மாற்றும் வசதியை இன்னும் முழுதாக நம்ப முடியாது. வேகமான வழி, எழுதியதைக் கைபேசியின் குரல்வழித் தட்டச்சில் உரக்க வாசிப்பது. பெயர்களையும் ல, ள, ழ வேறுபாட்டையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். வாய்விட்டு வாசிக்கும்போது மூச்சு முட்டும் வாக்கியம் எது என்பதும் தெரிந்துவிடும், அதற்குக் கையெழுத்துப் படியிலேயே குறி வையுங்கள். படம் எடுத்து வைப்பதானால் பகல் வெளிச்சத்தில், தாளின் நான்கு மூலையும் தெரிய, நேர் மேலிருந்து எடுங்கள்.

மூலத்தைக் காப்பதில் கேடு செய்வது பெரும்பாலும் நாம் சேர்க்கும் பொருள்கள்தான். குண்டூசியும் ஸ்டேப்ளர் பின்னும் கடலோர ஊர்களில் ஒரே மழைக்காலத்தில் துருவேறும். ரப்பர் பேண்ட் உருகித் தாளோடு ஒட்டும். செலோடேப் மஞ்சளாகிக் கறையை விட்டுவிட்டு உதிரும். பிளாஸ்டிக் லேமினேஷன் செய்தால் திரும்பப் பிரிக்கவே முடியாது. தாளைப் பருத்தி நூலால் கட்டி, அட்டைக்கு நடுவில் படுக்கவைத்து, சுவரை ஒட்டாத அலமாரியில் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள், கறையான் பெரும்பாலும் தரை, சுவர் வழியாகத்தான் ஏறும். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் பிடிக்கும். சுவடி காத்தவர்கள் வைத்த வசம்பையே ஒரு துணியில் முடிந்து பக்கத்தில் வைக்கலாம், தாளின்மேல் படாமல் இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு முறை, வெயில் நேராகப் படாத காற்றோட்டமான இடத்தில் கட்டைப் பிரித்துப் புரட்டி, மேல்தாளில் அந்தத் தேதியைப் பென்சிலால் குறித்துவிட்டுத் திரும்பக் கட்டுங்கள்.